ஒரு மாதம் முன்னாலேயே: மோட்டார் நியூரான் நோயுள்ள துணையை வீட்டில் பார்த்துக்கொள்ள

மோட்டார் நியூரான் நோய், அதாவது தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் படிப்படியாக அழியும் நோய், புகுந்த வீட்டில் எல்லாப் பொருளும் ஒரு மாதம் தாமதமாகத்தான் வந்து சேரும். இரண்டு முறை விழுந்த பிறகு வாக்கர், பேச்சு குழறிய பிறகு எழுத்துப் பலகை, உடம்பு பாதியான பிறகு உணவை நேராக வயிற்றுக்குள் செலுத்தும் வயிற்றுக் குழாய். கணவரையோ மனைவியையோ பார்த்துக்கொள்பவர் இன்றைய வேலையோடு அடுத்து வரப்போவதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் கொடுமைதான், ஆனால் வேறு வழியில்லை.

மூச்சிலிருந்து தொடங்குவோம், அதைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் தளரும்போது நோயாளி "மூச்சு வாங்குது" என்று சொல்லாமலே இருக்கலாம். எழும்போதே தலைவலி, இரவில் அடிக்கடி விழிப்பு, பகலில் உட்கார்ந்தபடியே தூக்கம், ஒரு தலையணை இரண்டாகி மூன்றாவது. இப்படித்தான் அது தெரியவரும். மல்லாந்து படுத்தால் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். தளர்ந்த தசையால் அதை எதிர்க்க முடியாமல் மூச்சு மேலோட்டமாகி, கரியமில வாயு இரத்தத்தில் தேங்கிவிடும். காலைத் தலைவலி அதனால்தான். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 96 காட்டுகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது ஆக்ஸிஜனை அளக்கும் கருவி, தேங்கிய கரியமில வாயு அதற்குத் தெரியாது.

பதறிப்போய் ஆக்ஸிஜன் சிலிண்டர் வாங்கி வைப்பவர்கள் உண்டு. பழுதானது காற்றை இழுக்கும் தசை. ஆக்ஸிஜனை மட்டும் கொடுத்தால், மூச்சைத் தூண்டும் உந்துதல் தணிந்து, கரியமில வாயு ஏறி, ஆள் மயக்கத்துக்கே போகலாம். தேவைப்படுவது பைபாப். இழுக்கும்போது அதிக அழுத்தமும் விடும்போது குறைந்த அழுத்தமும் தரும் கருவி அது. குறட்டைக்குக் கொடுக்கும் சி-பாப் ஒரே அழுத்தத்தில் ஊதும், அதை எதிர்த்து மூச்சுவிட இந்தத் தசைகளுக்குத் தெம்பு இருக்காது. 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தொண்டைத் தசைகள் அதிகம் கெடாதவர்களுக்கு பைபாப் வகைச் சிகிச்சை இடைநிலை அளவில் 205 நாள் கூடுதல் ஆயுளைத் தந்தது. "இவருக்கு மோட்டார் நியூரான் நோய், கரியமில வாயு தேங்கும், மருத்துவர் சொல்லாமல் ஆக்ஸிஜன் மட்டும் தரக் கூடாது" என்று ஓர் அட்டையில் எழுதிச் சக்கர நாற்காலியில் மாட்டிவிடுங்கள். அவசரப் பிரிவில் பேசி விளக்க நேரம் இருக்காது.

பைபாப் முகமூடி பழகுவதற்குள் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். முதல் வாரம் இரவில் மாட்டவே வேண்டாம். பகலில், டிவி பார்க்கும்போது, 15 நிமிடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போங்கள். வாரை இறுக்கிக் கட்டினால் மூக்குத் தண்டில் புண் வரும். காற்று கொஞ்சம் கசிவதில் தப்பில்லை, கண்ணுக்குள் அடிக்கக் கூடாது. இரண்டு வடிவ முகமூடிகளை மாற்றி மாற்றிப் போட்டால் ஒரே இடம் அழுந்தாது. வாய் வறண்டால் ஈரப்பதமூட்டியை இணைக்கலாம். வயிறு உப்பினால் அழுத்த அளவை மருத்துவரிடம் மாற்றச் சொல்லுங்கள், நீங்களே திருகாதீர்கள். கையால் முகமூடியைக் கழற்ற முடியாதவருக்கு வாயையும் மூடும் வகையைப் போட்டால், வாந்தி வந்தால் ஆபத்து. அவர் பக்கத்தில் ஆள் படுக்க வேண்டும். மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரி முதல் நாளிலேயே இருக்கட்டும்.

இருமலும் மூச்சுத் தசைகளின் வேலைதான். இருமலின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே போனால், சாதாரணச் சளிக்காய்ச்சல்கூட நிமோனியாவில் முடியலாம். ஒருவழி வால்வு பொருத்திய ஆம்பு பையால் (கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தும் பை) மூச்சின் மேல் மூச்சாக இரண்டு மூன்று முறை நிரப்பி, பிறகு இருமச் சொல்லும் முறையை பிசியோதெரபிஸ்ட் கற்றுத் தருவார். அதுவும் போதாத கட்டத்தில் இருமல் உதவிக் கருவி. சளி பிடித்த அன்று கற்றுக்கொள்ள உட்கார்ந்தால் நடக்காது.

சாப்பாட்டில் பலரும் தலைகீழாக நினைப்பது ஒன்று உண்டு: கெட்டியானதுதான் சிரமம், தண்ணீர் சுலபம் என்று. தண்ணீர்தான் தொண்டை மூடுவதற்குள் ஓடிப்போய்ப் புரையேறும். அதைவிட மோசம் துண்டுகள் மிதக்கும் சூப், ஏனென்றால் வாய் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய வேண்டும். நேராக உட்கார வைத்து, மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, ஒரு தேக்கரண்டி கொடுத்து, விழுங்கியது உறுதியான பிறகு அடுத்தது. தலையை அண்ணாந்து ஊற்றவே கூடாது. சாப்பிடும்போது பேச்சு கொடுக்காதீர்கள். முடிந்த பிறகும் அரைமணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். குரல் ஈரமாக, களகளவென்று கேட்டால் குரல்வளை மேல் ஏதோ தங்கியிருக்கிறது. எவ்வளவு கெட்டியாக்க வேண்டும், மோவாயைத் தாழ்த்துவது இவருக்குப் பொருந்துமா என்பதை விழுங்கும் பயிற்சி தருபவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். பழைய எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலோ, ஒரு வேளைச் சாப்பாடு முடிய முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனாலோ, வயிற்றுக் குழாய் பற்றிப் பேச நேரம் வந்துவிட்டது. நுரையீரல் கொள்ளளவு எதிர்பார்க்கும் அளவில் 50 சதவீதத்துக்குக் கீழே போவதற்குள் போட்டுவிடுவது பாதுகாப்பு, பிறகு மயக்க மருந்தையும் மல்லாந்து படுப்பதையும் தாங்குவது கடினம். குழாய் போட்டால் வாயால் சாப்பிடக் கூடாது என்றில்லை, முடிகிறவரை ருசிக்குச் சாப்பிடலாம்.

குழாய் அடைபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மாத்திரைதான். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொடித்து நீரில் கரைத்துக் கொடுங்கள், உணவோடு கலக்காதீர்கள். எந்த மாத்திரையைப் பொடிக்கலாம் என்று மருந்தாளரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உணவுக்கும் மருந்துக்கும் முன்னும் பின்னும் 30 மி.லி. வெதுவெதுப்பான நீர். உணவு இறங்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும். அடைத்தால் 50 மி.லி. சிரிஞ்சில் வெந்நீரை மெதுவாக முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். சின்ன சிரிஞ்ச் அழுத்தம் அதிகமாகிக் குழாயையே கிழித்துவிடும், கம்பி எதையும் நுழைக்கவே கூடாது. குழாய் கழன்று விழுந்தால் துளை சில மணி நேரத்தில் மூடத் தொடங்கும், உடனே மருத்துவமனை.

எச்சில் வழிவது அதிகமாகச் சுரப்பதால் அல்ல, விழுங்காமல் தேங்குவதால். வறளச் செய்யும் மருந்துகள் உதவும். அளவு மீறினால் எச்சில் பசைபோல் இழுபட்டு, வழிவதைவிடப் பெரிய தொல்லையாகிவிடும். நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும் மருந்தான ரிலுசோல் வழக்கமாக 50 மி.கி. தினம் இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் அல்லது இரண்டு மணி நேரம் பின். கல்லீரல் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

தூக்குவதில் ஒரே ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள்: அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். தசை பிடிப்பில்லாத தோள் மூட்டு இறங்கிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் இருக்கும். இடுப்புப் பட்டை, சறுக்குப் பலகை, பிறகு தூக்கும் கருவி என்று போக வேண்டும். விறைப்பைக் குறைக்க பேக்லோஃபென் கொடுக்கும்போதும் கவனம். சிலர் நிற்பதே காலின் அந்த விறைப்பால்தான். அளவு கூடினால் கால் துவண்டு விழுவார்கள்.

இந்த நோயில் தொடு உணர்வு பெரும்பாலும் அப்படியே இருக்கும். விரிப்பின் மடிப்பு குத்தும், காது மடங்கி அழுந்தினால் வலிக்கும், மூக்கு அரிக்கும், எதையும் சரிசெய்ய மட்டும் முடியாது. இரவில் பத்து முறை கூப்பிடுவதைப் பிடிவாதம் என்று நினைப்பது அநியாயம். காரணமில்லாமல் அழுவதும் சிரிப்பதும்கூட நோயின் வேலைதான், அதற்கும் மருந்து உண்டு.

ட்ரக்கியாஸ்டமி (கழுத்து வழியாக மூச்சுக்குழாயில் துளையிடுவது) செய்து வென்டிலேட்டரில் வாழ விருப்பமா என்பதைப் பேச்சு தெளிவாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். இதே நோயோடு வாழ்ந்த இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கைக் காட்டி ஆறுதல் சொல்ல யாராவது வருவார்கள். 1963-இல் நோய் தெரிந்து 2018 வரை வாழ்ந்தது மிக மிக அபூர்வம், 1985-லேயே அவருக்கு ட்ரக்கியாஸ்டமி செய்தாயிற்று, முழுநேரச் செவிலியர்களும் இருந்தார்கள்.

பேச்சு மங்குவதற்கு முன்பே குரலைப் பதிவுசெய்துவிடுங்கள், பிறகு கணினி அவர் குரலிலேயே பேசும். கண்ணசைவு பெரும்பாலும் கடைசிவரை மிஞ்சியிருக்கும். மேலே பார்த்தால் ஆம், கீழே பார்த்தால் இல்லை என்று முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். எழுத்துப் பலகையில் அவர் சொல்லும்போது மீதிச் சொல்லை ஊகிக்கலாமா என்றும் கேளுங்கள். சிலருக்கு அது உதவி, சிலருக்கு எரிச்சல்.

இரவு அழைப்பு மணிக்கான சுவிட்ச் எந்தத் தசை மிச்சமிருக்கிறதோ அங்கே வர வேண்டும்: விரல், கன்னம், புருவம். புரட்டிப் படுக்க வைக்கும்போது அது நகர்ந்துவிடும். விளக்கை அணைக்கும் முன் அவரையே ஒருமுறை அழுத்தச் சொல்லி, மணி கேட்ட பிறகு படுங்கள்.