பெயருக்கு மாற்று இல்லை

மார்ச் 3
மனசுக்குள் திக்குவதே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு தனியே சொன்னாலும் அநேகமாக இல்லை. கேட்க ஒரு காது வந்தால்தான்.

மார்ச் 4
‘ப’. உதடு ஒட்டிக்கொள்ள, பின்னால் காற்று அடைபடுகிறது. மூச்சை நிறைய இழுத்துப் பிடிப்பது தப்புக் கணக்கு; குரல்வளையும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். முதலில் மூச்சைக் கொஞ்சம் வெளியே விடணும், அது போகும்போதே உதடு பட்டும் படாமலும். பழம், பணம், பக்கம், 20 தடவை. அதே எழுத்தில் தொடங்கும் என் பெயருக்கு இன்னும் போகவில்லை.

மார்ச் 5
உள்ளே ஒரு ஆள் நாலு வார்த்தை முன்னால் ஓடி, "அங்கே ‘ப’ நிக்குது" என்று சேதி கொண்டுவருகிறான். உடனே ‘பணம்’ ‘ரூபாய்’ ஆகிவிடும். பால் கேட்க வந்தவன் டீ குடித்துவிட்டுப் போவது இப்படித்தான். எதிரே இருப்பவருக்குத் திக்கல் தெரியாது, மழுப்பல்தான் தெரியும். பெயரை மட்டும் மாற்ற முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமை ஃபோனில் முதல் கேள்வியே அது.

மார்ச் 6
ரெக்கார்டரில் 2 நிமிடம். பேசும்போது நம் குரல் மண்டையோட்டு வழியாகவும் காதுக்கு வருவதால் கனமாகக் கேட்கும். பதிவில் அது இல்லை, அதனால் பலருக்குப் பிடிக்காது. குரலை விட்டுவிட்டு அடைப்பை மட்டும் கடிகாரம் வைத்து அளக்கணும். அரை நிமிடம் என்று பட்டது 2 நொடி.

மார்ச் 7
‘ப’.

மார்ச் 8
பேச்சு சிகிச்சை நிபுணர் சார்ல்ஸ் வான் ரைப்பர் (அவருக்கே திக்கல் இருந்தது) சொன்ன முறை: திக்கிய வார்த்தையை எப்படியாவது முடி. 3 நொடி நிறுத்து. எங்கே இறுகியது என்று பார்த்து, சத்தமில்லாமல் வாயைத் தளர்வாக அசை. அப்புறம் அதே வார்த்தை, மெதுவாக. திக்காமல் சொல்வது இல்லை இதன் நோக்கம், இறுக்காமல் சொல்வது. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து அந்த 3 நொடியை விழுங்கினால் எல்லாம் வீண். வார்த்தையைத் திருப்பிச் சொன்னதாக மட்டுமே ஆகும்.

மார்ச் 10
தன் குரலையே சுமார் 0.2 நொடி தாமதமாகக் காதில் கேட்டால், சரளமாகப் பேசுகிறவர்களும் குழறுவார்கள். 1950-லேயே பெர்னார்டு லீ என்ற ஆய்வாளர் எழுதிவிட்டார். அதே தாமதம் திக்குகிறவர்கள் சிலருக்கு உதவுகிறது. நல்ல நியாயம்!

மார்ச் 12
ஃபோனில் அடைப்பு வெறும் மௌனம். "ஹலோ, லைன் கட்டாயிடுச்சா?" என்று வைத்துவிடுவார்கள். ஆகவே முதல் வாக்கியம்: "எனக்குத் திக்கும், சத்தம் வரலன்னா லைன்லதான் இருக்கேன்." ஒளிக்க ஒன்றும் இல்லையென்றால் முன்னால் ஓடுகிறவனுக்கு வேலை குறையும். பெயரில் வேண்டுமென்றே திக்கி இரண்டு ‘ப’, தளர்வாக. மளிகைக் கடையில் 3 தடவை.

மார்ச் 13
9.40. மூச்சு வெளியே. ஃபோன் அடிக்கிறது