ஜம்போலாவும் கிளினிக் குளிசைகளும்

"பழத்தைக் காலையில சாப்பிடுறன், குளிசை இரவில. பிறகென்ன?" திருகோணமலையில் கிளினிக் கொப்பியோடு பாமசிக்கு வருகிறவர்கள் இப்படிக் கேட்பதுண்டு. வேறு பல விஷயங்களில் இடைவெளி விட்டால் சரிவரும். கிரேப்ஃபுரூட்டுக்கும், அதன் தாய்ப்பழங்களில் ஒன்றான ஜம்போலாவுக்கும் (பம்பளிமாஸ்) அந்தக் கணக்கு எடுபடாது.

சிறுகுடல் சுவரில் சிவைபி3ஏ4 என்றொரு நொதியம் இருக்கிறது. விழுங்கும் மருந்துகள் பலவற்றில் ஒரு பங்கை, அவை இரத்தத்தில் சேருமுன்பே இது சிதைத்துவிடும். அந்த இழப்பையும் சேர்த்துத்தான் டோஸ் தீர்மானிக்கப்படுகிறது. கிரேப்ஃபுரூட்டில் உள்ள பேர்கமோட்டின் போன்ற பொருட்கள் இந்த நொதியத்தை மீளமுடியாதபடி முடக்கிவிடும். அப்போது சிதையாமல் தப்பும் மருந்து அளவுக்கு மிஞ்சி இரத்தத்தில் சேரும். முடங்கிய நொதியத்துக்குப் பதிலாகக் குடல் புதிதாக உண்டாக்கினால்தான் உண்டு. ஒரு பழமோ 200 மில்லிலீற்றர் சாறோ இதற்குப் போதும். மறுநாளும் தாக்கம் இருக்கும், முற்றாக நீங்க 3 நாள் வரை செல்லும். காலை, இரவு என்று பிரிப்பதில் பயனில்லாதது இதனால்தான்.

இது தற்செயலாகத் தெரியவந்த சங்கதி. கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் ஃபெலோடிபின் என்ற பிரஷர் மருந்தோடு மதுவைக் கொடுத்துப் பார்த்தார்கள். மதுவின் சுவையை மறைக்கச் சேர்த்த கிரேப்ஃபுரூட் சாறுதான் மருந்தின் அளவை ஏற்றியது. 1989இல் அது வெளியானது.

எந்தக் குளிசைக்கு ஆபத்து அதிகம்? குடலிலும் ஈரலிலும் அதிகம் வீணாகிற மருந்துக்குத்தான். கொலஸ்ட்ரோல் குளிசையான சிம்வஸ்டட்டினில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே இரத்தத்தில் சேர்கிறது. நாளுக்கு ஒரு கிளாஸ் சாறு வீதம் 3 நாள் குடித்தாலே அதன் அளவு மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. அதே வகையான அட்டோர்வஸ்டட்டினும் ஏறும், ஆனால் இவ்வளவு இல்லை. இன்னொரு கொலஸ்ட்ரோல் குளிசையான ரொசுவஸ்டட்டின் இந்த நொதியத்தை நம்பியிருப்பதில்லை. பழத்தை விட மனமில்லாதவர் மாற்றித் தரலாமா என்று டொக்டரிடம் கேட்கலாம். பிரஷர் குளிசையிலும் இதே கதைதான்: ஃபெலோடிபினும் நிஃபெடிபினும் ஏறும். அம்லோடிபினில் 60 சதவீதத்துக்கு மேல் இயல்பாகவே இரத்தத்தில் சேர்வதால் பெரிய மாற்றமில்லை. நீரிழிவுக்கான மெட்ஃபோமினைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

வலிப்புக்கான கார்பமசெபின், இதயத்துடிப்புக்கான அமியோடரோன், சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு எடுக்கும் டக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின்: இவற்றை எடுப்பவர்கள் இந்தப் பழங்களைத் தொடாமல் இருப்பதே நல்லது. குளோபிடோகிரெல் நேர்மாறு. அது உடலுக்குள் மாறினால்தான் வேலை செய்யும். சாறு அந்த மாற்றத்தைத் தடுக்கிறது, அதனால் இரத்தக்கட்டியைத் தடுக்கும் பலன் குறைகிறது.

கொலஸ்ட்ரோல் குளிசை அளவுக்கு மிஞ்சினால் தொடையும் தோளும் காரணமில்லாமல் உளையும், சிறுநீர் பிளேன்ட்டி நிறத்தில் போகும். அப்படியென்றால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். தசை சிதைகிறதா என்று காட்டும் சிகே இரத்தப் பரிசோதனை செய்வார்கள். நிஃபெடிபின் மிஞ்சினால் எழும்பும்போது தலைசுற்றும், முகம் சூடாகும், கணுக்கால் வீங்கும். கார்பமசெபினுக்கு இரட்டைப் பார்வையும் தள்ளாட்டமும்.

ஜம்போலாவைப் பற்றிய ஆய்வுகள் குறைவுதான், இனத்துக்கு இனம் வீரியமும் வேறுபடும். ஆனாலும் ஜம்போலா சாப்பிட்ட ஒருவரின் டக்ரோலிமஸ் அளவு ஏறியது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. "நம்மட ஊர்ப் பழம்தானே" என்பது இங்கே வாதமாகாது. கசப்புத் தோடையில் செய்த மர்மலேட்டிலும் அதே பொருட்கள் உண்டு. சாதாரண தோடம்பழத்துக்கும் மண்டரினுக்கும் இந்தப் பயமில்லை.

அதிலும் ஒரு விதிவிலக்கு: தும்மலுக்கும் அலேர்ஜிக்கும் கொடுக்கும் ஃபெக்சோஃபெனடின். கிரேப்ஃபுரூட், தோடம்பழம், அப்பிள் எந்தச் சாறானாலும் அது குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். குளிசை போட்டும் தும்மல் நிற்காது. இங்கே இடைவெளி உதவும், ஒரு 4 மணித்தியாலம் விட்டால் போதும். அதைவிட லேசு, வெறும் தண்ணீரோடு விழுங்குவது.

தினமும் ஜம்போலா சாப்பிட்டுக்கொண்டே குளிசை எடுத்து வந்தவர்கள் பயந்து குளிசையை நிறுத்தவேண்டாம். நிறுத்தவேண்டியது பழத்தை. அடுத்த கிளினிக்கில் அதைச் சொன்னால், டோஸைத் திரும்பப் பார்ப்பார்கள்.