மேற்குக் காற்று

கோவை வாலாங்குளக் கரையில் மக்காச்சோளம் சுட்டு விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் விசிறியே இல்லை என்பதை முதலில் கவனித்தவள் என் மனைவிதான்.

தகர அடுப்பின் வாயை மேற்குப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். காற்று தானாகவே உள்ளே புகுந்து கரியைக் கனல வைத்தது.

"ஆடி முடியற வரைக்கும் விசிறி எதுக்குங் கண்ணு?" என்றபடியே, எலுமிச்சை மூடியை உப்பிலும் மிளகாய்த்தூளிலும் தொட்டுக் கதிர் முழுக்கத் தேய்த்து, அதன் தோலிலேயே வைத்து நீட்டினார்.

மதுரை வெயிலில் வளர்ந்த எங்கள் இருவருக்கும் ஆடி மாதத்தில் போர்த்திக்கொண்டு உறங்குவது இன்னும் புதுமையாகத்தான் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்பதால், தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியே, மழையின் பெரும்பகுதியைக் கேரளத்திலேயே இறக்கிவிட்டு, குளிர்ச்சியோடும் வேகத்தோடும் கோவைக்குள் நுழைகிறது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இதுவே.

புதுக் குடித்தனத்தின் ஞாயிறு மாலைகளுக்குக் குளக்கரைதான் கட்டுப்படியாகிறது. (கடைகள் நிறைந்த ஒப்பணக்கார வீதிக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப முடிவதில்லை.)

அடுத்த வாரம் பேரூர்க் கோயிலின் கனகசபையில் தொங்கும் கல் சங்கிலிகளைப் பார்க்க வேண்டும் என்கிறாள் அவள். மருதமலைப் படியேறலாம் என்கிறேன் நான். பேரூர்தான் வெல்லும் என்று தோன்றுகிறது.