டயப்பரில் இருப்பது முகத்துக்கு எதற்கு?

போன வாரம் அக்கா இரவு பத்தரைக்கு அழைத்தாள். முகத்தில் ஷீட் மாஸ்க் ஒட்டியிருந்ததால் உதடு அசையாமல்தான் பேசினாள். "ஏய், இதுல மூணாவதா சோடியம் பாலிஅக்ரிலேட்னு போட்டிருக்கான். தேடிப் பார்த்தா குழந்தை டயப்பருக்குள்ள இருக்குற பொருளாம். நான் அதையா மூஞ்சியில பூசிட்டு உக்காந்திருக்கேன்?"

பன்னிரண்டு வருடமாகக் கிரீம், ஜெல் தயாரிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "ஆமாம், அதே குடும்பம்தான், ஆனா பயப்படாத" என்று சொல்லிவிட்டுப் போவேன். அக்காவிடம் அப்படித் தப்ப முடியாது. ஏன் பயப்பட வேண்டாம் என்று கேட்பாள். அன்று ஒரு மணி நேரம் பேசினோம். அதில் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவளை ஒரு டயப்பரைக் கிழிக்கச் சொன்னேன், ஜிப் பைக்குள் வைத்து. வெளியே கிழித்தால் தூள் பறக்கும், அதை மூச்சில் இழுக்கக் கூடாது. பஞ்சை உதறினால் பையின் அடியில் வெள்ளை மணிகள் சேரும். அரை ஸ்பூன் மணியைக் கண்ணாடி டம்ளரில் போட்டு முக்கால் டம்ளர் தண்ணீர் ஊற்றினால் சில நிமிடத்தில் எல்லாம் களியாகிவிடும். டம்ளரைக் கவிழ்த்தாலும் விழாது. பிறகு அதன் மேல் ஒரு ஸ்பூன் உப்பைத் தூவிக் கலக்கச் சொன்னேன். கெட்டியாக நின்றது தளர்ந்து, இளகி, தண்ணீரை விட்டுவிட்டது. "அடி, இது என்னடி மாயம்!" என்றாள்.

நடப்பது இதுதான். பாலிஅக்ரிலேட் என்பது மிக நீண்ட சங்கிலி, இப்படிப்பட்ட சங்கிலி மூலக்கூறைத்தான் பாலிமர் என்பார்கள். அதன் நெடுகிலும் எதிர்மின் கொண்ட கைகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு கையையும் ஒட்டி ஒரு சோடியம் அயனி. தண்ணீர் பட்டதும் சோடியம் கொஞ்சம் விலகும், ஆனால் எதிர்மின்னின் பிடியில் இருப்பதால் வெளியே ஓட முடியாது. உள்ளே அயனிகள் நெருக்கமாக இருப்பதால் அந்தச் செறிவைக் குறைக்க வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வரும். எதிர்மின் கைகள் ஒன்றையொன்று தள்ளுவதால் சுருண்டிருந்த சங்கிலி விரியும். சங்கிலிகளைக் குறுக்கே இணைக்கும் கட்டுகள் இருப்பதால் மொத்தமும் கரைந்து போகாமல் வலையாக நிற்கும். சுத்தமான தண்ணீரில் இது தன் எடையைப் போல் பல நூறு மடங்கு உறிஞ்சும். உடலின் உப்புத்தன்மைக்கு ஒத்த 0.9 சதவீத உப்புநீரிலோ 30 முதல் 50 மடங்குதான். வெளியே உப்பு இருந்தால் உள்ளே-வெளியே வித்தியாசம் குறைகிறது, தண்ணீர் நிற்கக் காரணமில்லாமல் போகிறது.

எங்கள் தொழிலில் பாதி வித்தையும் பாதித் தலைவலியும் இந்த உப்பு விஷயத்தில்தான் இருக்கிறது. கிரீமைத் தொட்டதும் விரலடியில் நீராக உடைந்து சில்லென்று பரவுகிறது அல்லவா? அது நம் தோலின் வியர்வையிலுள்ள உப்பு அந்த ஜெல்லை உடைப்பதால் வருவது. கொழுகொழுவென்று இருந்தது ஒரு நொடியில் தண்ணீர் போல ஆகிவிடும். எண்ணெய் குறைவாக, ஆனால் கெட்டியாகத் தெரியும் கிரீம்கள் பெரும்பாலும் இதன் புண்ணியத்தில்தான் நிற்கின்றன. பொதுவாக அரை சதவீதமோ ஒரு சதவீதமோதான் போடுகிறோம், அதுவே போதும்.

இதன் நெருங்கிய உறவு கார்போமர். அமிலமாக இருக்கும் வெள்ளைத் தூள், தண்ணீரில் கலந்தால் நீர்க்கக் கலங்கலாய் இருக்கும். அதில் ஒரு காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடும்போது கலங்கல் தெளிந்து ஜெல்லாய்த் திரளும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அதைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சோடியம் பாலிஅக்ரிலேட்டில் அந்தக் காரம் சேர்க்கும் வேலை ஏற்கெனவே முடிந்தே வருகிறது, தண்ணீர் பட்டாலே திரளும்.

இதே உப்பிடம் எனக்கு ஒரு அடி விழுந்தது. ஆரம்ப காலத்தில், கார்போமர் ஜெல்லில் நிலைத்தன்மை கொண்ட வைட்டமின் சி வகை ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்கள், சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட். பெயரிலேயே சோடியம் என்று இருப்பதைப் பார்த்தும் உறைக்கவில்லை. காலையில் கண்ணாடி போல் இருந்த ஜெல் மாலையில் பீக்கரில் தண்ணீராக ஆடியது. ஒரு தொகுதி முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. பிறகு உப்பைத் தாங்கும் சாந்தன் கோந்துக்கு மாற்றினேன். வீட்டிலும் இதைப் பார்க்கலாம்: ஒரு சீரத்தின் மேல் இன்னொன்றைப் பூசியதும் முகத்தில் அழிப்பான் தேய்த்த துகள் போல உருண்டால், தோல் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பாலிமர் படலம் காயும்முன் தேய்க்கப்பட்டுத் திரண்டிருக்கும். அளவைக் குறைத்து, ஒவ்வொன்றும் காயும்வரை பொறுத்துப் பூசினால் பெரும்பாலும் சரியாகும்.

"சரி, இது தோலில் இருக்குற தண்ணியையும் உறிஞ்சிடாதா?" என்று கேட்டாள் அக்கா. நியாயமான கேள்வி. டயப்பரில் இருப்பது காய்ந்த மணி, பசியோடு இருக்கிறது. கிரீமில் இருப்பது அதே பொருள்தான் என்றாலும் ஏற்கெனவே தண்ணீர் குடித்து நிறைந்தது, அதுவும் மிகக் குறைவான அளவு. அது தோலிலிருந்து இழுக்கப் போவதில்லை. டயப்பரிலும்கூட ஈரத்தைத் தோலிலிருந்து விலக்கி வைக்கும் வேலையைத்தான் செய்கிறது. ஈரத்தில் ஊறிய தோல்தான் புண்ணாகிறது. இந்தப் பாலிமர் வந்தபின் டயப்பர் தடிப்பு குறைந்ததை 1980களின் ஆய்வுகள் காட்டின.

தோலுக்குள் போய்விடுமா என்பது அடுத்த பயம். தோல் மருத்துவத்தில் 500 டால்டன் விதி என்று ஒன்று சொல்வார்கள், 2000ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்டது: மூலக்கூறின் எடை 500 டால்டனைத் (மூலக்கூறு எடையை அளக்கும் அலகு) தாண்டினால் ஆரோக்கியமான தோலின் மேலடுக்கைக் கடப்பது கடினம். இந்தச் சங்கிலிகளின் எடை லட்சங்களில், பத்து லட்சங்களில். குறுக்குக் கட்டு போட்டதென்றால் ஒரு மணி முழுவதுமே ஒரே மூலக்கூறு என்று சொல்லலாம். அது மேலேயே இருந்து கழுவும்போது போய்விடும்.

என் கவலை பெரிய சங்கிலியைப் பற்றியது அல்ல, அதில் ஒட்டிக்கொண்டு வரும் சின்னதைப் பற்றியது. சங்கிலியாகக் கோக்கப்படாமல் மிஞ்சிய அக்ரிலிக் அமிலம் தோலை அரிக்கும். நல்ல தரத்தில் அது மிகமிகக் குறைவு. மூலப்பொருள் வரும்போது தரச்சான்றில் நான் முதலில் தேடுவது இந்த எச்ச அளவைத்தான். அந்த வரி இல்லாத சான்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். அமெரிக்காவில் அழகுப்பொருள் மூலப்பொருட்களை ஆராயும் நிபுணர் குழு 2002இல் இந்தக் குடும்பத்தைப் பரிசீலித்துச் சொன்னதும் இதையொட்டித்தான்: தோலை எரிச்சலூட்டாதபடி தயாரித்தால் பாதுகாப்பானது.

பெயர்க் குழப்பத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஜெல் நகப் பூச்சால் ஒவ்வாமை வந்தவர்கள் "அக்ரிலேட்" என்ற சொல்லைப் பார்த்தாலே பதறுகிறார்கள். அவர்களுக்கு ஒவ்வாமை தந்தது பெரும்பாலும் ஹெமா போன்ற கோக்கப்படாத சின்ன மூலக்கூறு, எடை 130 டால்டன்தான். விரலடித் தோலில் பட்டால் உள்ளே போய்விடும். கோத்து முடிந்த சங்கிலி அதுவல்ல. ஆனாலும் உங்களுக்கு அந்த ஒவ்வாமை உறுதியாகியிருந்தால் என் பதிவை நம்பி எதையும் பூசாதீர்கள், உங்கள் தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பூசுங்கள். பாலிஅக்ரிலமைடு இன்னொன்று, பெயரில் ஓரெழுத்து அருகே இருந்தாலும் வேறு பொருள். அதில் எஞ்சும் அக்ரிலமைடுக்கு ஐரோப்பிய ஒன்றியம், பூசிக் கழுவாமல் விட்டுவிடும் பொருட்களில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது.

கார்போமரில் ஒரு உண்மையான குறை உண்டு, அதை மறைக்க நான் தயாரில்லை. சில பழைய வகைகள் பென்சீனைக் கரைப்பானாக வைத்துத் தயாரிக்கப்பட்டவை. பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023 டிசம்பரில், பென்சீனால் தயாரான கார்போமரை மருந்துகளிலிருந்து எப்படி மாற்றுவது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. எத்தில் அசிடேட் போன்ற கரைப்பானில் தயாராகும் வகைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. முகத்துக்கான ஜெல்லில் இன்னும் பழையதையே போடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மாதவிடாயின்போது உடலுக்குள் வைக்கும் டாம்பன் பற்றியும் அக்கா கேட்டாள். 1980இல் அமெரிக்காவில் நச்சு அதிர்ச்சி நோய் பெண்களைத் தாக்கியபோது அதிக உறிஞ்சு திறன் கொண்ட டாம்பன்கள் பழிக்கு ஆளாயின. பாலிஅக்ரிலேட் கொண்டவையும் 1985இல் சந்தையிலிருந்து போயின. அங்கே நஞ்சைச் சுரந்தது ஒரு பாக்டீரியா. உடலுக்குள் பல மணி நேரம் வைக்கும் பொருளின் கணக்கு வேறு, முகத்தில் பூசும் ஜெல்லின் கணக்கு வேறு.

நான் உண்மையிலேயே அஞ்சுவது காய்ந்த வடிவத்துக்குத்தான். நீர்மணி என்று விளையாட்டுப் பொருளாக விற்பவை இதே போல உறிஞ்சும் பாலிமர்களால் ஆனவை. சிறு குழந்தை விழுங்கினால் குடலுக்குள் வீங்கி அடைத்துக்கொள்ளும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அவற்றை உள்ளே விடாதீர்கள்.

கழுவிய பின் எங்கே போகிறது என்பதும் எனக்கு உறுத்துகிறது. கார்பன் முதுகெலும்பு கொண்ட இந்தச் சங்கிலியை நுண்ணுயிர்கள் சுலபமாகத் தின்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் வேண்டுமென்றே சேர்க்கும் நுண்நெகிழிகளுக்குத் தடைவிதி கொண்டுவந்தது. பூசிக் கழுவாமல் விட்டுவிடும் அழகுப்பொருட்களுக்கு 2029 வரை அவகாசம். கரையும் பாலிமருக்கு விலக்கு உண்டு, ஆனால் விலக்கு கிடைத்துவிட்டது என்பதற்காக என் மனம் ஆறவில்லை. முடிந்த இடத்திலெல்லாம் கோந்து வகைகளைப் போட்டுப் பார்க்கிறேன். அந்தச் சில்லென்ற உடைதல் அவற்றில் வருவதில்லை. இரண்டு வருடமாக அதோடு மல்லுக்கட்டுகிறேன்.

பேசி முடித்தபோது அக்காவின் மாஸ்க் அநேகமாகக் காய்ந்திருந்தது. "இருபது நிமிஷம் ஆச்சுன்னா எடுத்துடணும்க்கா, காய விடாத" என்றேன். "இத மொதல்லயே சொல்லிருக்கக் கூடாதா?" என்று வைத்துவிட்டாள். மறுநாள் காலை உப்பில் கரைந்த டம்ளரின் படம் வந்தது. கூடவே அவள் சன்ஸ்கிரீனின் பின்பக்க லேபிளும், ஐந்தாவது வரியில் வட்டம் போட்டு.