நேரில் வந்து கேட்க முடியாதவரின் ஃபைல்

மாவட்டக் காவல் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, உதவியாளராகி, அப்புறம் அலுவலகக் கண்காணிப்பாளராக உட்கார்ந்தேன். பணிக்காலத்தின் பிற்பகுதி முழுக்க அமைச்சுப் பணியாளர்களை, அதாவது சீருடை இல்லாத எழுத்துப் பணியாளர்களை, மேற்பார்வை செய்வதிலேயே போனது. வேறு துறை நண்பர்கள், "உங்களுக்கு என்னப்பா, போலீஸ் ஆபீஸ். யாரும் வந்து சத்தம் போட மாட்டாங்க" என்பார்கள். உண்மைதான். இந்த வேலையின் கஷ்டமும் அங்கேதான் இருக்கிறது.

வருவாய்த் துறையில் பட்டா தாமதமானால் மனு கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பார், இரண்டு வார்த்தை கோபமாகவும் பேசுவார். காவலர் அப்படி வர முடியாது. அவர் பந்தோபஸ்தில் இருப்பார், பாரா பார்த்துக்கொண்டிருப்பார், கைதியோடு வழிக்காவலில் வெளியூர் போயிருப்பார். ஓய்வு கிடைக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் எங்கள் பிரிவுகள் பூட்டிக்கிடக்கும். ஒருவேளை வந்தாலும் வாய் திறந்து கேட்கத் தயங்குவார். இடமாறுதல் ஆணையும் தண்டனை ஆணையும் தட்டச்சாவது இதே கட்டடத்தில்தான் என்பது அவருக்குத் தெரியும். அதனால் கேட்க ஆள் வராத ஃபைலைத் தேடிப் போய் எடுப்பதைத்தான் மேற்பார்வையாளரின் முதல் வேலையாக நான் வைத்துக்கொண்டேன்.

வெளியில் இருப்பவர்களுக்கு இந்த அலுவலகம் எப்படி இயங்குகிறது என்று அதிகம் தெரியாது. காவலர்களைத் தேர்வு செய்வது சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். எங்களைத் தேர்வு செய்வது டி.என்.பி.எஸ்.சி.யின் குரூப் 4. காவலர்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை வந்தால் 1955-ஆம் ஆண்டின் காவல் சார்நிலைப் பணி விதிகளில் சிறு தண்டனைக்கு 3(அ), பெருந்தண்டனைக்கு 3(ஆ). எங்கள் மேல் வந்தால் அதே போலக் குடிமைப் பணி விதிகளில் 17(அ), 17(ஆ). ஒரே கூரையின் கீழ் இரண்டு உலகம். அவர்களின் சம்பளப் பட்டியல், ஊதிய உயர்வு, விடுப்புக் கணக்கு, பயணப்படி, ஓய்வூதியக் கருத்துரு, சீருடைப் பொருள், தகவல் உரிமை மனுவுக்குப் பதில் எல்லாம் எங்கள் இருக்கைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். காவல் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து சரியான தாளில், சரியான நாளில் விழ வைப்பது எங்கள் பொறுப்பு.

மேற்பார்வை என்றால் எல்லோரும் வருகைப் பதிவேட்டை நினைக்கிறார்கள். பத்து மணிக்கு வந்தாரா, பத்தேகாலுக்கு வந்தாரா என்று பார்ப்பதில் எனக்குப் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. நான் பார்த்தது தன்பதிவேடு. ஒவ்வொரு இருக்கைக்கும் ஒன்று உண்டு. எந்தத் தபால் எந்தத் தேதியில் வந்தது, என்ன எண் போட்டது, யாருக்கு எழுதியது, நினைவூட்டு போனதா, எப்படி முடிந்தது என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை அலுவலகக் கண்காணிப்பாளர் அதைப் பார்த்து சுருக்கொப்பம் இட வேண்டும். பல அலுவலகங்களில் இது சடங்காகிவிட்டது. பதிவேடு வரும், ஒரு கோடு விழும், திரும்பிப் போகும்.

தன்பதிவேட்டை வாசிக்க ஒரு முறை இருக்கிறது. முடிந்ததைப் பார்க்கக் கூடாது, நடுவில் நின்றுபோனதைப் பார்க்க வேண்டும். 'விளக்கம் கேட்டு நிலையத்துக்கு எழுதப்பட்டது' என்ற ஒரு வரிக்குப் பிறகு மூன்று மாதம் வெறும் தாளாக இருந்தால், அங்கே ஒரு மனிதர் காத்துக்கொண்டிருக்கிறார். நிலைய எழுத்தருக்கு ஒரு போன் போட்டால் பாதி நேரம், "சார், அந்த மெமோ எங்களுக்கு வரவே இல்லையே" என்பார். இன்னும் பாதி நேரம் பதில் வந்திருக்கும், வேறு இருக்கையின் தபாலோடு கலந்துபோயிருக்கும். நினைவூட்டுக்கு மேல் நினைவூட்டு அனுப்பினால் அலுவலகம் வேலை செய்வது போலத் தோன்றும். ஒரு போன் காலில் முடிவதற்கு மூன்று நினைவூட்டு எழுதுவதை நான் விடாப்பிடியாகத் தடுத்தேன். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், பேசிவிட்டு எழுதுங்கள் என்பேன்.

பணிப்பதிவேட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு காவலரின் வாழ்க்கை முழுவதும் அந்தத் தடித்த புத்தகத்தில்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் பிறந்த தேதி, அங்க அடையாளம், கைரேகை. அப்புறம் ஆண்டு ஊதிய உயர்வு, விடுப்பு, தண்டனை, வெகுமதி, இடமாறுதல். ஒவ்வொரு ஆண்டும் 'பணி சரிபார்க்கப்பட்டது' என்ற பதிவு விழ வேண்டும். காவல் துறையில் ஆட்கள் நிறைய இடம் மாறுவார்கள். சிறப்புக் காவல் படையில் தொடங்கி, மாவட்ட ஆயுதப்படைக்கு வந்து, அங்கிருந்து தாலுகா காவல் நிலையம், இடையில் அயல்பணியாக ஏதாவது ஒரு சிறப்புப் பிரிவு. ஒவ்வொரு முறையும் ஆள் ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்துவிடுவார், பணிப்பதிவேடு மெதுவாக வந்து சேரும். அந்த இடைவெளியில் ஒரு சரிபார்ப்புப் பதிவு விட்டுப்போகும். அன்றைக்கு அது யார் கண்ணுக்கும் தெரியாது. முப்பது ஆண்டு கழித்து ஓய்வூதியக் கருத்துரு மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகும்போது, 'இந்தக் காலத்துக்குப் பணிச் சரிபார்ப்பு இல்லை' என்ற ஒரு வரியோடு திரும்பி வரும்.

அப்படித் திரும்பி வந்த ஒரு சிறப்பு உதவி ஆய்வாளரின் பதிவேடு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அட்டை கிழிந்து, நடுவில் நூல் விட்டு, பூச்சி அரித்த பக்கங்களைச் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். படைப்பிரிவிலிருந்து மாவட்டத்துக்கு வந்த காலத்தில் ஒரு வருடத்துக்கும் மேலே பதிவே கிடையாது. அந்த நாளைய சம்பளப் பட்டியலின் அலுவலகப் பிரதி கிடைத்தால் அதை வைத்துச் சரிபார்த்துவிடலாம். படைப்பிரிவுக்கு எழுதினோம், பதில் இல்லை. கடைசியில் எங்கள் உதவியாளர் ஒருவரையே அங்கே அனுப்பினேன். பதிவறையில் இரண்டு நாள் உட்கார்ந்து, கட்டுக் கட்டாகப் பிரித்து, அந்தப் பட்டியலின் நகலோடு வந்தார். அவர் சட்டை முழுக்கத் தூசி, முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ஓய்வு பெற்றவருக்கு அது எப்படிக் கிடைத்தது என்று இன்று வரை தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

அதன் பிறகு, ஓய்வுக்கு இரண்டு மூன்று ஆண்டு இருப்பவர்களின் பட்டியலை ஜனவரியிலேயே எடுத்து, அவர்களின் பதிவேடுகளை முதல் பக்கத்திலிருந்து பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். 2020-இல் ஓய்வு வயது 59 ஆனது, 2021-இல் 60 ஆனது. அந்த இரண்டு ஆண்டுகளும் எங்களுக்குக் கூடுதல் அவகாசம் கொடுத்தன. ஓய்வு நெருங்கிய பிறகு குறையைக் கண்டுபிடித்தால் அதைத் தீர்க்கும் வரை அந்தக் குடும்பம் பணிக்கொடை இல்லாமல் இருக்க வேண்டும். பெண்ணின் கல்யாணத் தேதியை அந்தப் பணத்தை நம்பிக் குறித்தவர்களை எனக்குத் தெரியும்.

பணியில் இருக்கும்போதே இறந்தவர்களின் ஃபைல் இன்னொரு வகை. காவல் துறையில் அவை குறைவாக வருவதில்லை. சாலை விபத்து, மாரடைப்பு, சில சமயம் தற்கொலை. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும், குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுத வேண்டும், குடும்பப் பாதுகாப்பு நிதி, விடுப்புச் சம்பளம், சேமநல நிதி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி படிவம். கருணை அடிப்படையில் வேலை கேட்பதானால் இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பம் வந்தாக வேண்டும். துக்கத்தில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஒரு அம்மா வந்து, "சார், எங்க வீட்டுக்காரர் பேப்பர் எந்த ரூம்ல சார் இருக்கு?" என்று கேட்டார். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் இறப்புச் சான்றிதழின் நகல்கள், எல்லாம் மடித்து மடித்து நைந்துபோயிருந்தன. அவர் ஏற்கெனவே நான்கு பிரிவுகளுக்குப் போய்விட்டார். ஒவ்வொரு பிரிவும் தன் படிவத்தை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறது.

அன்றைக்கே ஒரு ஏற்பாடு செய்தோம். இறப்புத் தகவல் வந்தவுடன் ஒரே ஒரு பணியாளர் அந்தக் குடும்பத்துக்குப் பொறுப்பு. எல்லாப் படிவமும் அவர் மேசையில் நிரப்பப்படும், குடும்பத்தார் வேறு எந்த மேசைக்கும் போக வேண்டியதில்லை. இந்தப் பொறுப்பை நான் கொடுத்தது, தன் அப்பா பணியில் இறந்து கருணை அடிப்படையில் வேலைக்கு வந்த ஓர் இளநிலை உதவியாளருக்கு. அவர் எழுந்து நின்று, "உட்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்வதில் இருந்த உறுதியை எந்தச் சுற்றறிக்கையாலும் கொண்டுவர முடியாது.

இந்த ஃபைல்களில் அடிக்கடி சிக்கும் முடிச்சு நாமினேஷன். வேலையில் சேர்ந்த புதிதில் அம்மா பெயரை எழுதிக் கொடுத்திருப்பார். கல்யாணம் ஆகி, குழந்தைகள் பிறந்து, பதவி உயர்வும் வந்திருக்கும், அந்தத் தாள் மட்டும் மாறியிருக்காது. அவர் போன பிறகு மாமியார் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம் வந்து நிற்பார்கள். துக்க வீட்டைச் சண்டை வீடாக்க ஒரு பழைய படிவம் போதும்.

தண்டனைப் பிரிவில் தாமதம் வேறு விதமாக வலிக்கும். 3(ஆ) குற்றக்குறிப்பாணை கொடுத்து, விசாரணை அதிகாரி நியமித்து, அவர் மாறுதலில் போய், அடுத்தவர் வந்து என்று ஃபைல் இழுத்துக்கொண்டே போகும். தப்புச் செய்தவருக்குத் தண்டனை கிடைக்கட்டும், அதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் முடிவே சொல்லாமல் வைத்திருப்பது எந்த விதியிலும் சொல்லாத ஒரு தண்டனை. அந்தக் காலம் முழுக்கப் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் ஒதுங்கி நிற்கும். தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தால் பிழைப்பூதியத்தில் குடும்பம் ஓட வேண்டும். அதற்கான ஆணையைக்கூட மறந்துவிடுகிற இருக்கைகள் உண்டு. நிலுவையிலுள்ள ஒழுங்கு நடவடிக்கைகளை வாரம் ஒரு முறை ஒரே தாளில் எழுதி காவல் கண்காணிப்பாளரின் மேசையில் வைப்போம். எது யாரிடம், எத்தனை நாளாக என்று மட்டும் இருக்கும். எந்த அதிகாரி மீதும் புகார் சொல்லாத தாள் அது. ஆனாலும் அதைப் பார்த்தவுடன் போன்கள் பறக்கும்.

இந்த அலுவலகத்தில் வாய்க் கட்டுப்பாடு மிக முக்கியம். மாறுதல் ஆணை கையெழுத்தாகும் முன்பே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டால் அலுவலகத்தின் மானம் போய்விடும். தேர்தல் நேரத்தில் இது பல மடங்கு. கடந்த நான்கு ஆண்டில் மூன்று ஆண்டு ஒரே மாவட்டத்தில் இருந்த அதிகாரிகளை மாற்ற வேண்டும் என்று தேர்தல் ஆணையம் சொல்லும்போது பட்டியலைத் தயாரிப்பது நாங்கள். இரவு பகல் தெரியாமல் வேலை நடக்கும். அப்போதும் ஓய்வூதிய இருக்கையை மட்டும் தேர்தல் வேலைக்கு இழுக்க விட மாட்டேன். இதற்காக மேலதிகாரிகளிடம் வாதாடியிருக்கிறேன். கேட்டுக்கொண்டவர்களும் உண்டு, கோபித்தவர்களும் உண்டு.

ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ். என்ற அரசின் நிதி, மனிதவளக் கணினி அமைப்பு வந்த பிறகு சம்பளப் பட்டியல் வேலை எவ்வளவோ சுலபமானது. களஞ்சியம் செயலியில் காவலர் தன் சம்பளச் சீட்டைத் தானே பார்க்கலாம். நல்லதுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய பதிவேட்டில் இருந்த பிழையை அப்படியே கணினியில் ஏற்றினால் அது பிழையாகத் தெரியாது. அச்சில் பார்த்தால் எல்லாமே சரி போலத்தான் இருக்கும்.

புதிதாக வருகிற இளநிலை உதவியாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடுமையான போட்டித் தேர்வு எழுதி வந்தவர்கள், அறிவுக்குக் குறைவே இல்லை. ஆனால் காக்கிச் சட்டை நடுவே வந்தவுடன் ஒன்று பயந்து ஒடுங்குவார்கள், இல்லாவிட்டால் தாங்களும் அதிகாரம் காட்டத் தொடங்குவார்கள். தலைமைக் காவலர் ஒருவரை நிற்க வைத்துப் பேசும் பையனைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அவர் ராத்திரி முழுக்க ரோட்டுல நின்னுட்டு வந்திருக்கார். முதல்ல நாற்காலியைக் காட்டு, அப்புறம் விதியைச் சொல்லு" என்பேன். அதேபோல, வயதில் மூத்த உதவியாளரை ஒருமையில் கூப்பிட்ட ஓர் ஆய்வாளரிடமும் போய்ப் பேசியிருக்கிறேன். "ஐயா, அவங்க எழுதுற குறிப்புலதான் நீங்க கையெழுத்துப் போடுறீங்க" என்றேன். அவர் ஏற்றுக்கொண்டார், அதன் பிறகு அந்தப் பிரிவில் அவர் குரலே மாறிவிட்டது.

கடைசியாகச் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன், மற்ற மாவட்டங்களிலும் செய்யலாம். பணிப்பதிவேட்டைக் காவலர்கள் ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது நடைமுறை. அவர்கள் அலுவலகத்துக்கு வந்து பார்ப்பது நடக்காத காரியம். அதனால் இரும்புப் பெட்டியில் பதிவேடுகளைப் பூட்டி, இரண்டு பணியாளர்களோடு உட்கோட்டம் உட்கோட்டமாகப் போனோம். ரோல் கால் முடிந்தவுடன் நிலையத்திலேயே மேசை போட்டு உட்கார்வது. ஒவ்வொருவரும் தன் புத்தகத்தைத் தானே புரட்டிப் பார்ப்பார். பத்து ஆண்டு முடிந்தும் முதல்நிலைக் காவலராகத் தரம் உயர்த்தப்படாமல் இருந்த ஒருவர் அங்கேதான் அகப்பட்டார். பெயரின் முதலெழுத்து மாறியிருந்ததையும், விட்டுப்போன வெகுமதியையும், பழைய நாமினேஷனையும் அங்கேயே குறித்துக்கொண்டோம். பெண் காவலர் ஒருவர் கைக்குழந்தையோடு விடுப்பிலிருந்தே வந்து, தன் மகப்பேறு விடுப்பு சரியாக ஏறியிருக்கிறதா என்று விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். ஏறியிருக்கவில்லை. மேசையிலேயே குறிப்பு எழுதி, மறுநாள் ஆணைக்கு வைத்தோம்.