டவுன் ஹால் மர பெஞ்சில் ஒரு மாலை

2007 நவம்பர் 9, வெள்ளிக்கிழமை. சியாட்டில் டவுன் ஹாலில், அமெரிக்காவில் ரேடியோ, டிவி நிலையங்களுக்கு விதி வகுக்கும் அரசு ஆணையமான எஃப்.சி.சி.யின் பொதுக்கூட்டம். ஒரே ஊரில் செய்தித்தாளையும் டிவி நிலையத்தையும் ஒரே முதலாளி வைத்துக்கொள்ளலாமா என்பது பேச்சு. அறிவிப்பு வந்தது ஐந்து வேலை நாளுக்கு முன்புதான். அப்படியும் அந்தப் பழைய சர்ச் கட்டடம் நிரம்பி வழிந்தது.

வேடிக்கை பார்க்கப் போனவன்தான் நான். பக்கத்தில் ஒரு பாட்டி, தன் பேச்சை மளிகைச் சீட்டின் பின்புறம் பென்சிலில் எழுதி, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வரிகளை அடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் மிஞ்சியது மூன்று வரி. அதையும் மைக் முன்னால் போய் மறந்துவிட்டு, "எங்க ஊர்ச் செய்தியை எங்க ஊர்க்காரங்க சொல்லட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். கைதட்டல் அடங்கவே இல்லை.

சரி, பலன்? முப்பத்தொன்பதே நாளில், அதற்குத் தடையாக இருந்த விதியை எஃப்.சி.சி. 3-2 வாக்கில் தளர்த்திவிட்டது. முடிவை முன்பே எழுதி வைத்துக்கொண்டுதான் கருத்துக் கேட்டார்களோ என்று எனக்கு இன்னும் சந்தேகம். 2011-ல் நீதிமன்றம் அந்தத் தளர்வை ரத்து செய்தது. அப்புறம் 2018-ல், அமெரிக்காவில் பல ஊர் டிவி நிலையங்களை வைத்திருக்கும் சிங்க்ளேர் நிறுவனத்தின் பல ஊர்ச் செய்தி வாசிப்பாளர்கள் ஒரே உரையைச் சொல் மாறாமல் படித்த வீடியோ வந்தது. எனக்கு அந்த மளிகைச் சீட்டுதான் நினைவுக்கு வந்தது.