ப்ரீஆம்பின் டிஜிட்டல் வெளியீட்டைக் கணினியோடு இணைத்தல்: செய்முறைத் தேர்வுக்குப் படித்த வழி

ஒலிப்பதிவுப் பட்டயப் படிப்பின் செய்முறைத் தேர்வில், மைக்கின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் கருவியான மைக் ப்ரீஆம்ப் (டிஜிட்டல் வெளியீடு உள்ளது) ஒன்றைக் கணினியோடு இணைத்துக் குரலைப் பதிவு செய்து காட்டும் பணி எனக்குத் தரப்பட்டது. அதற்காக நான் படித்த முறையை, இதே தேர்வுக்குப் படிப்பவர்களுக்காகவும் வீட்டிலேயே பதிவு செய்ய விரும்புவோருக்காகவும் எழுதுகிறேன். பாடக் குறிப்புகள் பெரும்பாலும் இணைப்பான்களின் பெயர்களோடு தொடங்குகின்றன. அந்த வரிசையில் படிப்பவருக்குப் பெயர்கள் மனப்பாடமாகிவிடும். ஆனால் கேபிளைச் செருகிய பிறகும் பதிவில் ‘டிக் டிக்’ என்ற ஒலி ஏன் வருகிறது என்பது விளங்காது. ஆகவே கருவிகளுக்கு நேரத்தை வகுக்கும் கிளாக்கை முதலில் படியுங்கள் என்பதே என் பரிந்துரை.

டிஜிட்டல் வெளியீடு உள்ள ப்ரீஆம்ப், மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தத்தைத் தனக்குள்ளேயே எண்களாக மாற்றிவிடுகிறது. சாம்பிள் வீதம் 48 கிலோஹெர்ட்ஸ் என்றால், நொடிக்கு 48,000 முறை அந்த மின்னழுத்தத்தை அளக்கிறது. எப்போது அளக்க வேண்டும் என்பதை அதனுள் இருக்கும் கிளாக்கின் படிகம் சொல்கிறது. ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற கருவியிலும் அதேபோன்ற படிகம் ஒன்று உண்டு. இரண்டிலும் 48 என்றே எழுதியிருந்தாலும் இரண்டும் முற்றிலும் ஒத்து ஓடுவதில்லை. அவற்றுக்கிடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருப்பதாகக் கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ ஒரு சாம்பிள் கூடும் அல்லது குறையும். இன்டர்ஃபேஸ் அந்தச் சாம்பிளை விடவோ இரட்டிக்கவோ நேரும்போதுதான் அந்த ‘டிக்’ ஒலி பிறக்கிறது. வாய்மொழித் தேர்வில் இந்தக் கணக்கைச் செய்து காட்டினால், காரணத்தைத் தனியாக விளக்கத் தேவையே இருக்காது.

தீர்வு எளியது: ஒரு கருவி நேரத்தை வகுக்க வேண்டும், மற்றது அதைப் பின்பற்ற வேண்டும். டிஜிட்டல் ஒலியை அனுப்பும் எஸ்பிடிஃப், ஏஇஎஸ்3 ஆகிய இரண்டு முறைகளிலும் தரவோடு சேர்ந்தே கிளாக்கும் பயணிக்கும்படி சமிக்ஞை குறியாக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பிட்டின் எல்லையிலும் சமிக்ஞை நிலைமாறுவதால், பெறும் கருவி அந்த மாற்றங்களிலிருந்தே நேரத்தை மீட்டெடுத்துக்கொள்கிறது. எனவே ஒரு ப்ரீஆம்ப், ஒரு இன்டர்ஃபேஸ், ஒரு கேபிள் மட்டும் உள்ள வீட்டு அமைப்பில் கிளாக்கை மட்டும் சுமக்கும் தனி வேர்ட் கிளாக் கேபிள் வேண்டியதில்லை. ப்ரீஆம்பை ‘இன்டர்னல்’ நிலையில் வைத்து, இன்டர்ஃபேஸின் கட்டுப்பாட்டு மென்பொருளில் கிளாக் மூலத்தை அந்த டிஜிட்டல் உள்ளீட்டுக்கு மாற்றினால் போதும். இன்டர்ஃபேஸே தலைமை ஏற்க வேண்டுமென்றால், அதிலிருந்து ப்ரீஆம்புக்குத் திரும்பிச் செல்லும் இன்னொரு இணைப்பு தேவை: வேர்ட் கிளாக் கேபிளோ டிஜிட்டல் உள்ளீடோ.

அடுத்தது சாம்பிள் வீதம். ப்ரீஆம்ப் 48-இல் அனுப்ப, இன்டர்ஃபேஸ் அதைப் பின்பற்ற, பதிவு மென்பொருளின் கோப்பு மட்டும் 44.1 என்று குறிக்கப்பட்டிருந்தால், பின்னர் அதைச் சரியான 44.1-இல் இயக்கும்போது பாட்டு ஏறத்தாழ எட்டு விழுக்காடு மெதுவாக ஓடும். சுருதியும் கிட்டத்தட்ட முக்கால் கட்டை இறங்கும். 5½ கட்டையில் பாடிய குரல், 5-க்கும் 4½-க்கும் நடுவில் எங்கோ ஒலிக்கும். தம்புராவையோ சுருதிப் பெட்டியையோ சில நொடிகள் பதிவு செய்து, கோப்பை மூடி, இன்டர்ஃபேஸின் கிளாக்கை ‘இன்டர்னல்’ நிலைக்கு மாற்றி, மீண்டும் திறந்து இயக்கி ஒப்பிடுவது இதற்கு மிகச் சிறந்த சோதனை; காது பழகியவருக்கு வேறு கருவியே தேவையில்லை.

இவை தெளிந்த பிறகு இணைப்பான்களைப் படித்தால் வேகமாக நகரலாம். எஸ்பிடிஃப் என்பது சோனியும் ஃபிலிப்ஸும் வகுத்த முறை. ஆர்சிஏ இணைப்பானும் 75 ஓம் கேபிளும் கொண்டது, இரண்டு சேனல்களைச் சுமப்பது. ஏஇஎஸ்3 என்பது 1985-இல் வெளியான தொழில்முறைத் தரம். எக்ஸ்எல்ஆர் இணைப்பான், 110 ஓம் சமநிலைக் கேபிள், இதுவும் இரண்டு சேனல்கள்தான். சிவப்பும் வெள்ளையுமான சாதாரண ஆடியோ கேபிள் ஆர்சிஏ துளையில் அழகாகப் பொருந்தும். ஆனால் அது 75 ஓம் தரத்துக்குச் செய்யப்பட்டதன்று. பழைய தொலைக்காட்சி இணைப்புகளில் வரும் மஞ்சள் நிற வீடியோ கேபிள் அந்தத் தரத்துக்குரியது என்பதால், அவசரத்துக்கு அதையே எடுக்கலாம்.

ஒளியிழைக் கேபிளில்தான் மாணவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். டாஸ்லிங்க் எனப்படும் அந்தச் சதுர முகத் துளை வழியாக இரண்டு சேனல் எஸ்பிடிஃபும் வரலாம், அலீசிஸ் நிறுவனம் உருவாக்கிய எட்டுச் சேனல் அடாட் முறையும் வரலாம். கேபிளும் துளையும் ஒன்றே. உள்ளே செல்லும் மொழி வேறு. ஒரு முனையில் அடாட், மறுமுனையில் எஸ்பிடிஃப் என்று அமைந்தால் எதுவும் கேட்காது. கேபிளின் முனையில் சிவப்பு ஒளி தெரிகிறதே என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. ஒளி வருகிறது என்பது மட்டுமே அதனால் தெரியும். அடாட் முறையில் 44.1, 48 வீதங்களில் எட்டுச் சேனல்களும், 96-இல் நான்கும் கிடைக்கும். குரல், வயலின், மிருதங்கத்தின் இரு முகங்கள் என்று பல மைக்குகள் வைக்க விரும்பும் வீட்டுப் பதிவாளருக்கு இது பெரிய வசதி: இரண்டு மைக் உள்ளீடுகளே உள்ள இன்டர்ஃபேஸிலும் அடாட் உள்ளீடு இருந்தால், எட்டுச் சேனல் ப்ரீஆம்ப் ஒன்றிலிருந்து ஒரே கேபிளில் எட்டு மைக்குகள் கூடிவிடும். ஒளியிழையில் மின்தொடர்பே இல்லாததால், அந்தக் கேபிள் வழியாக எர்த் சுற்று உருவாகி ‘ஹம்’ இரைச்சல் நுழையவும் வழியில்லை.

கணினியின் பின்புறத்திலேயே ஒளியிழைத் துளை இருக்கிறதே, இன்டர்ஃபேஸ் எதற்கு என்ற கேள்வி தேர்வில் வரக்கூடும். மேசைக் கணினிகளின் மதர்போர்டில் உள்ள அந்தத் துளை பெரும்பாலும் வெளியீடு மட்டுமே, பதிவுக்கு உதவாது. யுஎஸ்பி துளைக்கும் எஸ்பிடிஃப் சமிக்ஞையை நேரடியாகப் புரிந்துகொள்ளும் திறன் கிடையாது. டிஜிட்டல் உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸ் நடுவில் இருந்தே தீர வேண்டும். அத்தகைய உள்ளீடு இல்லாத இன்டர்ஃபேஸ்தான் கையில் இருக்கிறது என்றால், ப்ரீஆம்பின் அனலாக் வெளியீட்டை அதன் லைன் உள்ளீட்டில் இணைப்பது முழுமையான, மரியாதையான வழி. டிஜிட்டல் என்பதற்காக மட்டும் புதிய கருவி வாங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

அளவைப் பொறுத்தவரை, டிஜிட்டல் வழியில் வரும் சமிக்ஞைக்கு இன்டர்ஃபேஸின் கெயின் குமிழ் வேலை செய்யாது. மைக்குக்குக் கேபிள் வழியே செல்லும் மின்சாரமான ஃபான்டம் பவரும் ப்ரீஆம்பிலிருந்தே தரப்பட வேண்டும். எண்ணாக மாறும் இடத்தில் உச்சம் வெட்டுப்பட்டால், பின்னால் எந்தக் குமிழைக் குறைத்தும் அதை மீட்க முடியாது. ஆகவே சராசரி அளவை, டிஜிட்டலில் பதியக்கூடிய உச்சமான முழு அளவுக்கு 18 டெசிபல் கீழே வைத்துப் பழகுங்கள். மிருதங்கத்தின் வலந்தலை போன்ற கூரிய ஒலிகளுக்கு அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். அளவு குறைந்தால் தரம் குறையாதா என்று தேர்வாளர் கேட்டால், கணக்கோடு பதில் சொல்லலாம்: ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல் என்பதால் 18 டெசிபலில் இழப்பது மூன்று பிட்டுகள், 24 பிட் பதிவில் மீதமுள்ள 21 பிட்டுகளின் எல்லையோ மைக், அறை ஆகியவற்றின் இரைச்சலுக்கு வெகு கீழே இருக்கிறது.

தேர்வு மேசையில் கேபிளைச் செருகும் முன், முறை, வீதம், கிளாக் மூலம் ஆகிய மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அமையுங்கள். தேர்வாளருக்கு உங்கள் சிந்தனை தெரியும். இன்டர்ஃபேஸில், வெளி கிளாக்கோடு இணைந்துவிட்டதைக் காட்டும் ‘லாக்’ விளக்கு நிலையாக எரிகிறதா என்று பார்த்த பிறகே மைக்கைத் திறக்க வேண்டும். பதிவு முடிந்து இணைப்பைக் கழற்றச் சொன்னால், முதலில் ஸ்பீக்கரின் அளவைக் குறைத்து, இன்டர்ஃபேஸின் கிளாக்கை ‘இன்டர்னல்’ நிலைக்குத் திருப்பி, அதன் பின்னரே கேபிளை எடுங்கள். வெளியிலிருந்து வரும் கிளாக்கை நம்பி ஓடும் இன்டர்ஃபேஸ், அது திடீரென நின்றால் பதிவு மென்பொருளையும் நிறுத்திவிடக்கூடும். ஸ்பீக்கரில் பலத்த வெடிப்பொலியும் எழலாம்.